ஸ்டீயரிங் வீல் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

கார் பந்தய கேம் விளையாடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். முதலில் கீபோர்டில் அம்புக்குறிகளைத் தட்டி 'நீட் ஃபார் ஸ்பீட்' ஓட்டுவார்கள். பிறகு ஒரு கேம்பேட் வரும். அதன் பிறகு ஒருநாள் யூட்யூபில் யாரோ ஒருவர், கையில் ஸ்டீயரிங், காலுக்கடியில் மூன்று பெடல் என்று உட்கார்ந்துகொண்டு நூர்பர்க்ரிங்கில் பறப்பதைப் பார்ப்பார்கள். அன்றோடு தூக்கம் போச்சு. ஆன்லைன் கடைகளில் விலை பார்ப்பதே முழுநேர வேலையாகிவிடும்.

விலையைப் பார்த்தால் தலை சுற்றும். சில ஆயிரம் ரூபாய்க்கும் ஸ்டீயரிங் வீல் இருக்கிறது, பல்லாயிரத்துக்கும் இருக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் இருக்கிறது. படத்தில் எல்லாமே வட்டமாகத்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பட்டன் இருக்கிறது, பெடல் இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

கல்லூரியில் படிக்கிற ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை. பாக்கெட் மணி, தீபாவளிக்குத் தாத்தா கொடுத்தது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது எல்லாம் சேர்ந்த பணம் அது. தப்பாக வாங்கினால் பணம் மட்டும் போகாது. "அன்னைக்கே சொன்னேன்ல" என்று அப்பா அடுத்த ஐந்து வருஷம் சொல்லிக் காட்டுவார். அடுத்து நியாயமான காரணத்துக்கு லேப்டாப் கேட்டால்கூட, பரண் மேல் கிடக்கிற ஸ்டீயரிங்தான் முதலில் பேச்சில் வரும். அதனால் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானமாக யோசிப்பது நல்லது.

ஸ்டீயரிங் என்ன சொல்லும்?

ஸ்டீயரிங் என்றால் கார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓட்டுகிறவர் காருக்குச் சொல்வதற்கான சாதனம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கார் ஓட்டுகிறவருக்குத் திருப்பிச் சொல்வது.

டவுன் பஸ் டிரைவரைக் கவனித்திருப்பீர்கள். வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்கச் சுற்றுவார். வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்துவார். ஸ்டீயரிங் அவர் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானாகவே திரும்பி வரும். வண்டியில் யாரும் தனியாக ஸ்பிரிங் வைத்து அதை இழுக்கவில்லை. முன் சக்கரம் திரும்பிய நிலையில் உருளும்போது, சாலை டயரின் மேல் கொடுக்கும் பக்கவாட்டு விசை, சக்கரம் திரும்புகிற அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அந்த விசை சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. அதுதான் கைக்கு இழுப்பாக வந்து சேருகிறது.

இதில் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. வளைவில் வேகம் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். ஆனால் டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது, பிடி முழுசாகப் போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, இந்த இழுப்பு குறைய ஆரம்பித்துவிடும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். 'இதற்கு மேல் திருப்பாதே, முன் டயர் வழுக்கப் போகிறது' என்பதற்கான எச்சரிக்கை அது. கண்ணுக்கு அது தெரிவதற்குள் கார் ஏற்கனவே வெளிப்பக்கம் போய்விட்டிருக்கும். கைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

பந்தய சிமுலேட்டர் கேம்கள் இந்த விசையைக் கணக்குப் போட்டு ஸ்டீயரிங்குக்கு அனுப்புகின்றன. ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருந்தால், அது அந்த விசையைக் கையில் கொடுக்கும். இதற்குத்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பெயர். பணம் கொடுத்து வாங்குவது வட்டமான பிளாஸ்டிக்கை இல்லை, இந்த மோட்டாரைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்பிரிங் வைத்த சக்கரம்

விலை குறைந்த ஸ்டீயரிங்குகளில் பெரும்பாலானவற்றில் இந்த மோட்டார் இருக்காது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கோ, தடிமனான ரப்பர் நாடாவோ இருக்கும். திருப்பிவிட்டு விட்டால் நடுவுக்கு வந்து நிற்கும். கூடவே செல்போன் அதிர்வது போல் அதிர ஒரு குட்டி மோட்டார் இருக்கும். அட்டைப்பெட்டியில் 'வைப்ரேஷன் ஃபீட்பேக்' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அவசரத்தில் படிக்கிறவர் அதையும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கையும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார். இரண்டும் ஒன்றில்லை.

ஸ்பிரிங் சக்கரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. அது தப்பாகச் சொல்கிறது. கார் நின்றுகொண்டிருந்தாலும் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போனாலும் அதற்கு ஒரே இழுப்புதான். அதிகமாகத் திருப்பத் திருப்ப இழுப்பு கூடிக்கொண்டே போகும். டயர் வழுக்கப் போகும் நேரத்தில் நிஜ ஸ்டீயரிங் லேசாகும், இது அப்போதுதான் மிகக் கனமாக இருக்கும். அதனால் இதில் பழகுகிற கை உண்மைக்கு நேர் எதிரான பாடத்தைப் படிக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. நல்ல கேம்பேடில் கட்டைவிரல் கொஞ்சமே நகர வேண்டும். கேம்களும் கேம்பேடுக்கு ஏற்றபடி திருப்பத்தை மென்மையாக்கிக் கொடுக்கின்றன. ஸ்பிரிங் சக்கரத்தில் அந்த உதவியும் குறைவு, மோட்டாரின் உதவியும் இல்லை. அதனால்தான் இதை வாங்கியவர்களில் நிறையப் பேர் இரண்டு வாரத்தில் கேம்பேடுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

வீட்டில் எட்டு வயசுத் தம்பி இருக்கிறான், சும்மா விளையாட்டுக்குச் சுற்ற வேண்டும் என்றால் ஸ்பிரிங் சக்கரம் தாராளமாகப் போதும். பந்தய கேமை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு, இதை வாங்குவதைவிட எதுவும் வாங்காமல் கேம்பேடிலேயே ஓட்டிக்கொண்டு பணம் சேர்ப்பது மேல்.

மோட்டாரிலும் மூன்று வகை

மோட்டாரின் விசை கைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பல்சக்கரம். சின்ன மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைத்து விசையைக் கூட்டுகின்றன. லாஜிடெக் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த ஜி25 இந்த வகை. 900 டிகிரி சுழற்சி, க்ளட்ச்சோடு மூன்று பெடல், ஹெச் வடிவ கியர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்ததால் அது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். பிறகு ஜி27, 2015-ல் ஜி29, ஜி920, 2020-ல் ஜி923 என்று அதே குடும்பம் தொடர்ந்தது. உறுதியானது, எளிதில் கெடாது, செகண்ட் ஹேண்டிலும் நிறையக் கிடைக்கும். பற்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியால், நேராகப் போகும்போது நடுவில் கொஞ்சம் உணர்வு இல்லாத இடம் இருக்கும். ஓரக் கற்கள் மேல் ஏறினால் கடகடவென்று சத்தம் வரும். ஒரே அறையில் எல்லோரும் தூங்குகிற வீடு என்றால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் :)

இரண்டாவது வகை, பெல்ட். தையல் மெஷினில் சக்கரத்தையும் மோட்டாரையும் பெல்ட் இணைப்பது போலத்தான். த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் டி300ஆர்எஸ் இதற்கு நல்ல உதாரணம். கடகடப்பு இல்லை, மென்மையாகச் சுற்றும். பெல்ட் ரப்பர் என்பதால் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

மூன்றாவது வகை, டைரக்ட் டிரைவ். நடுவில் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கை மாட்டிவிடுவார்கள். கேம் அனுப்பும் விசை எதுவும் குறையாமல் கைக்கு வரும். முன்பெல்லாம் இது பணக்காரர்களின் பொம்மை. ஜெர்மனியின் ஃபனாடெக் 2021-ல் சிஎஸ்எல் டிடி என்ற மாடலைச் சுமார் 350 யூரோவுக்கு அறிவித்த பிறகு நிலைமை மாறியது. சீனாவின் மோஸா, லாஜிடெக், த்ரஸ்ட்மாஸ்டர் என்று எல்லோரும் இந்த வகையில் இறங்கினார்கள். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 350 யூரோ மோட்டார் பெட்டிக்கு மட்டும். கையில் பிடிக்கிற வளையமும் பெடலும் தனி.

விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். ஜி29 சுமார் 2 நியூட்டன் மீட்டர். சிஎஸ்எல் டிடி 5, மோஸா ஆர்5 5.5. வெறும் எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 28 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் கணக்கிட்டால், 2 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இழுப்பது போல. 5 என்பது மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்குவதற்கும் மூன்றரைக் கிலோ பையைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதிகமாக இருப்பதால் மட்டும் கார் வேகமாக ஓடிவிடாது. ஆனால் மென்மையான விசைக்கும் பலமான விசைக்கும் நடுவில் நிறையப் படிகள் கிடைக்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் கொஞ்சமாக லேசாவதைத் தெளிவாக உணரலாம். 5-லிருந்து 8 வரை இருந்தால் வீட்டில் விளையாடுகிறவருக்குத் தாராளம்.

900 டிகிரி என்றால் என்ன?

ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. 900 டிகிரி என்றால் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை இரண்டரைச் சுற்று. சாதாரணக் கார்கள் பலவற்றில் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும். ஃபார்முலா 1 காரில் இதைவிட மிகக் குறைவு, கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலே கிட்டத்தட்ட எல்லா வளைவையும் திருப்பிவிடுவார்கள்.

900 டிகிரி உள்ள ஸ்டீயரிங்கை மென்பொருளில் 360 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். 180 அல்லது 270 டிகிரியோடு நின்றுவிடும் ஸ்டீயரிங்கை 900 ஆக்க முடியாது. 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' போன்ற கேமில் லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதனால் அட்டைப்பெட்டியில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருக்கிறதா என்று பார்த்த கையோடு, 900 இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

காலை மறந்துவிடக் கூடாது

ஸ்டீயரிங் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பெடலை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பந்தயத்தில் நேரத்தை மிச்சம் பிடிப்பதும் இழப்பதும் அதிகமாக பிரேக்கில்தான்.

இத்தாலியின் மோன்ஸா தளத்தை எடுத்துக்கொள்ளலாம். நீளமான நேர்ப்பாதையில் ஃபார்முலா 1 கார் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டி வந்து, முதல் வளைவுக்கு 100-க்கும் கீழே இறங்க வேண்டும். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிட்டு, கார் வளைவுக்குள் நுழைய நுழையக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுக்க வேண்டும். மொத்தமும் இரண்டு மூன்று நொடிக்குள். இங்கே கால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்தால்தான் கார் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திரும்பும்.

சாதாரண பெடல், தான் எவ்வளவு தூரம் கீழே போயிருக்கிறது என்பதை அளக்கும். பல பெடல்களில் இதற்குப் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே வகைப் பாகம்தான் இருக்கும். தூசி படிந்த ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரவென்று வருமே, அதே போல் பெடலிலும் சில வருஷத்தில் அளவு குதிக்க ஆரம்பிக்கும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காந்தத்தை வைத்து அளக்கும் பெடல்களில் உரசல் இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

லோடு செல் வைத்த பெடல் வேறு ரகம். அது தூரத்தை அளக்காது, அழுத்தத்தை அளக்கும். மளிகைக் கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் லோடு செல்தான். நிஜக் காரின் பிரேக்கும் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். பாதம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பதைவிட எவ்வளவு பலம் கொடுத்தோம் என்பதைக் கால் நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும். அதனால் கையில் கொஞ்சம் அதிகப் பணம் இருந்தால், அதை இன்னும் பெரிய மோட்டாரில் போடுவதைவிட நல்ல பிரேக் பெடலில் போடுவதே புத்திசாலித்தனம்.

யானையும் அங்குசமும்

யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம். ஸ்டீயரிங் வாங்குகிற பலர் செய்வது இதைத்தான். ஸ்டீயரிங் வந்து இறங்கிய பிறகுதான் அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வியே வரும்.

கம்ப்யூட்டர் டேபிள் மெல்லிய பலகையாக இருந்தால் மோட்டார் இழுக்கும் ஒவ்வொரு முறையும் டேபிள் மானிட்டரோடு சேர்ந்து ஆடும். கீழே கீபோர்டு தட்டு இருந்தால் க்ளாம்ப் மாட்ட இடமே இருக்காது. தரை டைல்ஸ் அல்லது மொசைக் என்றால் பிரேக்கை மிதிக்க மிதிக்கப் பெடல் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். சுவரை ஒட்டி வைத்து ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் பெடலை மிதிக்கும்போது நாற்காலி பின்னால் ஓடும். நாலு கால் பிளாஸ்டிக் நாற்காலியே இந்த வேலைக்கு மேல்.

ஜி29 அளவு விசைக்கு நல்ல கனமான மர டேபிள் போதும். 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனாலோ, லோடு செல் பெடல் வாங்கினாலோ கட்டாயம் ஸ்டாண்ட் வேண்டும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படி இருந்தாலும் அது தனிச் செலவு. கியர் கம்பியும் அப்படித்தான். ஜி25, ஜி27 காலத்தில் ஹெச் கியர் பெட்டியோடு வந்தது. ஜி29-லிருந்து அதைத் தனியாக விற்க ஆரம்பித்தார்கள்.

எந்தப் பெட்டியில் வேலை செய்யும்?

இதைப் பார்க்காமல் வாங்கினால் முழுப் பணமும் வீண். கம்ப்யூட்டரில் கிட்டத்தட்ட எல்லா ஸ்டீயரிங்கும் வேலை செய்யும். பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் தங்கள் அனுமதி பெற்றதை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. உள்ளே ஏறக்குறைய ஒரே இயந்திரம்தான், ஆனால் மாற்றி மாட்டினால் ஓடாது. மோஸா ஆர்5 கம்ப்யூட்டருக்கு மட்டும்.

2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, அதுவரை பிளேஸ்டேஷன் 3-ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜி27 அதில் வேலை செய்யவில்லை. அதே வருஷம் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வாங்கிய ஸ்டீயரிங்குகளுக்கும் அதே கதி. சாமான் கெடவில்லை, ஆனால் மதிப்பு போய்விட்டது. ஆகவே இன்று கையில் இருக்கும் பெட்டியை மட்டும் பார்க்காமல், இரண்டு வருஷம் கழித்து எதில் விளையாடப் போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கம்பெனியின் நிலைமையையும் கொஞ்சம் பார்க்கலாம். ஃபனாடெக்கை நடத்திய என்டோர் நிறுவனம் 2024-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதே வருஷம் கோர்செய்ர் நிறுவனம் ஃபனாடெக்கை வாங்கியதால் அந்தப் பெயர் பிழைத்தது. பிரபலமான பெயர் என்பதால் மட்டும் வாரண்டி பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் சர்வீஸ் இருக்கிறதா, பழுதானால் யார் செலவில் எங்கே அனுப்ப வேண்டும் என்று வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

இப்போது காமர்ஸ் கணக்கு. கீழே இருக்கும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, கடை விலை அல்ல. ஸ்டீயரிங்கும் பெடலும் 28,000 ரூபாய். கியர் 5,000. ஸ்டாண்ட் 7,000. கேம் 3,000. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒயர் இத்யாதி 1,000. மொத்தம் 44,000. கடையில் பார்த்த விலை மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை!

இதை மூன்று வருஷம் வைத்திருந்து 22,000-க்கு விற்றால் தேய்மானம் 22,000. வாரம் நாலு மணி நேரம், பரீட்சைக் காலம் போக வருஷத்துக்கு 40 வாரம் என்றால் மூன்று வருஷத்தில் 480 மணி நேரம். மணிக்குச் சுமார் 46 ரூபாய். நல்ல சினிமாவுக்குப் போவதைவிட மலிவு.

அதே ஸ்டீயரிங்கை இரண்டு மாதம், ஒரு 35 மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு 25,000-க்கு விற்றால்? நஷ்டம் 19,000. மணிக்கு 540 ரூபாய்க்கு மேல். இப்போது 5,000 ரூபாய் ஸ்பிரிங் சக்கரத்தைப் பார்க்கலாம். 20 மணி நேரத்தில் சலித்துவிட்டது, யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்றால் மணிக்கு 250 ரூபாய். விலை குறைந்த சாமான் மலிவான சாமானாகத்தான் இருக்கும் என்பதில்லை. எத்தனை மணி நேரம் உழைக்கிறது, விற்றால் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு.

வாய்ப்புச் செலவு என்று ஒன்றும் இருக்கிறது. இந்தப் பணத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து நிஜக் காரை ஓட்டக் கற்று லைசென்ஸும் எடுத்துவிடலாம். கேம் ஸ்டீயரிங்கில் பழகினால் கார் ஓட்ட வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கமான கேம் க்ளட்ச் பெடலுக்குள் இருப்பது வெறும் ஸ்பிரிங். மேம்பால ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் க்ளட்ச்சை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதை அது கற்றுக்கொடுக்காது.

ரேஸ் டிரைவர் ஆக முடியுமா?

வீட்டில் அனுமதி வாங்க எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. நிஸ்ஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008-ல் ஆரம்பித்த ஜிடி அகாடமி, கிரான் டூரிஸ்மோ கேமில் வேகமாக ஓட்டியவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜப் பந்தயத்துக்கு அனுப்பியது. முதலில் ஜெயித்த ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் இருந்தார். 2011-ல் ஜெயித்த பிரிட்டன்காரர் ஜான் மார்டன்பரோ 2013-ல் அதே பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். 2023-ல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் இவர் கதைதான்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அகாடமி இப்போது நடப்பதில்லை. தவிர, பல்லாயிரம் பேர் ஓட்டியதில் ஒரு சிலருக்குக் கிடைத்த வாய்ப்பு அது. அதைக் காட்டி ஸ்டீயரிங்கை முதலீடு என்று அப்பாவிடம் சொல்வது நியாயமில்லை. இது செலவுதான். சந்தோஷத்துக்காகச் செய்கிற செலவு என்று நேராகச் சொல்லிவிட்டால், அதற்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று வீட்டோடு சேர்ந்தே பேச முடியும்.

யாருக்கு எது?

நீட் ஃபார் ஸ்பீட், ஃபோர்ஸா ஹொரைஸன் மாதிரி ஜாலியாக ஓட்டும் கேம்கள்தான் பிடிக்கும் என்றால் ஸ்டீயரிங்கே வேண்டாம். அவை கேம்பேடில்தான் சுகம். இடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டுக்கு டயரின் பிடிமானம் பற்றிய தகவல் எதற்கு?

அசெட்டோ கோர்சா, கிரான் டூரிஸ்மோ 7 போன்றவற்றை ஏற்கனவே கேம்பேடில் மாதக்கணக்கில் ஓட்டுகிறார், ஒரே தளத்தில் நேரத்தைக் குறைக்க மணிக்கணக்கில் சுற்றுகிறார் என்றால் அவருக்கு ஸ்டீயரிங் வீணாகாது. பட்ஜெட் குறைவென்றால் செகண்ட் ஹேண்ட் ஜி29 அல்லது ஜி920. கம்ப்யூட்டர் மட்டும்தான், பணமும் கொஞ்சம் கூட இருக்கிறது என்றால் 5 நியூட்டன் மீட்டர் அளவில் டைரக்ட் டிரைவ். லாரி ஓட்டும் கேம்தான் உயிர் என்றால் 900 டிகிரி உள்ள பல்சக்கர மாடலே போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது நேரில் போய்க் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஜி29, ஜி920 போன்றவை இணைத்ததும் தானாக இரண்டு பக்கமும் சுற்றி நடுவில் வந்து நிற்கும். அரைகிற சத்தம் வந்தால் வேண்டாம். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெடலையும் பாதி வரை மிதித்து அப்படியே பிடித்துப் பார்க்க வேண்டும். திரையில் கோடு நடுங்கினால் பெடலைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். கூட வந்த ஒரிஜினல் அடாப்டர் இருக்கிறதா என்று கேட்க மறக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் முதல் இரண்டு மூன்று வாரம் கேம்பேடைவிட மெதுவாகத்தான் ஓடும். கைக்கும் காலுக்கும் புதுப் பழக்கம் வர நேரம் எடுக்கும். அந்த வாரங்களில் பொறுமை இழந்து விற்கிறவர்களிடமிருந்துதான் நல்ல செகண்ட் ஹேண்ட் சாமான் மற்றவர்களுக்குக் கிடைக்கிறது :) ஒரு தளம், ஒரு கார் என்று வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் எந்த இடத்தில் லேசாகிறது என்று மட்டும் கவனித்து ஓட்டினால் போதும்.

இன்னும் முடிவு எடுக்க முடியவில்லையா? ஒரு பேப்பரை எடுங்கள். இடது பக்கம் ஸ்டீயரிங், பெடல், கியர், ஸ்டாண்ட், கேம் என்று எல்லாவற்றின் விலையையும் எழுதுங்கள். வலது பக்கம் கடந்த மூன்று மாதத்தில் கார் கேம் எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள் என்று எழுதுங்கள். ஆசையில் கூட்டி எழுதாமல் உள்ளதை எழுதினால், வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பேப்பரே சொல்லிவிடும்.